இயந்திரத்துக்கு அடியில் படுத்துப் படம் வரைந்தவள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. நட்சத்திரம் ஏன் மினுங்குகிறது, குளிர்பெட்டி எப்படிக் குளிர்கிறது, தொலைபேசிக் கம்பிக்குள் குரல் எப்படி ஓடுகிறது என்று ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்கிற புத்தகங்கள் எல்லாம் என் அச்சகத்தில் மசி பூசிக்கொண்டு வெளியே வந்தவைதான். அவற்றைப் படித்து எஞ்சினியர் ஆனவர்கள் எத்தனை பேர் என்று எனக்கே கணக்குத் தெரியாது.

என்னிடம் ஒரு வழக்கம் இருந்தது. எழுதிக்கொண்டு வருகிறவர் எவ்வளவு பெரிய படிப்பாளியாக இருந்தாலும் முதலில் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். எனக்குப் புரிந்தால் அச்சுக்குப் போகும், இல்லையென்றால் திரும்ப எழுத வேண்டும். "முதலாளி, உங்களுக்கே புரிஞ்சிடுச்சுன்னா ஊருக்கே புரிஞ்ச மாதிரி" என்று ஒருவர் கிண்டலாகச் சொன்னார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

ஆனால் இப்போது என்னைப் பற்றி எழுத உட்காரவில்லை. அதற்கு ஒரு தனிப் புத்தகம் வேண்டும். இது என் கொழுந்தியாளைப் பற்றியது.

வீட்டில் அவளுக்குத் திருப்புளி என்று பெயர். வைத்தவன் நான். கொண்டையில் ஒரு பக்கம் பென்சிலும் மறுபக்கம் திருகாணி கழற்றுகிற கட்டை விரல் நீளத் திருப்புளியும் செருகியிருப்பாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று சாப்பிடுவாள். பேசும்போது விரல்கள் எதையாவது திருகிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவர் சட்டைப் பொத்தானாக இருந்தாலும் சரி.

அவள் ஒரு துணி கம்பெனியில் தையல்காரியாகச் சேர்ந்தவள். இயந்திரம் நின்றுவிட்டால் மெக்கானிக் வர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் மேற்பார்வையாளரின் திட்டு இவள் தலையில் விழும். திட்டு வாங்கிக்கொண்டே மெக்கானிக்கின் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் அவர் வருவதற்குள் தானே பிரித்து, தானே பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டாள். சில வருஷத்தில் அந்தக் கூடத்தின் இருநூறு இயந்திரமும் அவள் கைக்கு வந்தன. பிறகு கம்பெனிக்காரர்கள் மொத்தத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டார்கள். இவள் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கருவிப் பையோடும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்க்கா."

முதல் வாரம் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தாள். இரண்டாவது வாரம் இஸ்திரிப் பெட்டி. மூன்றாவது வாரம் தண்ணீர் மோட்டார். அன்று நான் சோப்புப் போட்ட முகத்தோடு குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏங்க, இவ என்னைக்காவது உங்களையும் கழட்டிப் பாத்துடப் போறா" என்றாள் என் மனைவி.

"கழட்டினா உள்ள என்னக்கா இருக்கப் போவுது? காத்துதான்" என்று தோட்டத்திலிருந்து பதில் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் பிரித்த எதுவும் பூட்டாமல் கிடந்ததில்லை, ஒரு திருகாணிகூட மிச்சம் விழுந்ததில்லை. அதன் ரகசியம் எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. அச்சகத்தில் கழித்துப் போட்ட தாள்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. தேடிப் போனால் அவள் பெட்டிக்குள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒவ்வொன்றின் வெள்ளைப் பக்கத்திலும் படம். எந்த உறுப்புக்குப் பிறகு எந்த உறுப்பு கழன்றது என்று வரிசையாக வரைந்து வைத்திருந்தாள். இஸ்திரிப் பெட்டியின் வயிற்றைப் பார்த்தேன். ஒரு கோடு நடுங்கவில்லை, ஒரு கோடு அதிகமில்லை. பட்டம் வாங்கிய ஓவியர்கள் எத்தனையோ பேரை வைத்து வேலை வாங்கியவன் நான். பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவளைக் கண்டுபிடித்தது நான்தான், இதை யாரும் மறுக்க முடியாது.

அப்போதுதான் பேராசிரியரின் புத்தகம் வந்தது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஓடும் ஏழு இயந்திரங்களைப் பற்றி எழுதியிருந்தார். எனக்குப் புரிந்தது. எனவே அச்சுக்குப் போக வேண்டியது.

"படம் யார் போடறாங்க?" என்று கேட்டார்.

"என் கொழுந்தியா."

"எங்க படிச்சாங்க?"

"தையல் கம்பெனில."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். படித்தவர்கள் முடியாது என்று சொல்கிற முறை அது. திருப்புளி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், நான் போடற படத்துல ஒண்ணே ஒண்ணு தப்பா இருந்தாலும் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க. வேற ஆள வச்சுப் போட்டுக்குங்க. சரியா இருந்தா முதல் பக்கத்துல என் பேரப் போடணும்."

"பேர் போடறது அவ்வளவு முக்கியமாம்மா?"

"இருநூறு மெஷின ஓட வச்சேன் சார். ஒண்ணுலயும் என் பேர் இல்ல."

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை முதன்முறையாக நேராகப் பார்த்தார். "சரி. அச்சான தாள நான் வந்து பாப்பேன். தப்பு இருந்தா பேச்சு மாறக் கூடாது."

"மாறாது சார்."

ஆறு இயந்திரங்களை விறுவிறுவென்று முடித்துவிட்டாள். ஏழாவது தையல் இயந்திரம். அவளுடைய சொந்த ஊருக்குள் போகிற மாதிரிதானே என்று நான் நினைத்தேன். அவளோ அந்த அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குள் மேலும் கீழும் நடந்தாள்.

"அத்தான், இதப் பாத்தீங்களா? 'மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன.' அவ்வளவுதான் எழுதியிருக்காரு. எப்படிப் பின்னும்?"

"ஊசி கீழ போவுது, பின்னிக்குது" என்றேன்.

"ஒரு முடிச்சுப் போடணும்னா நுனி வேணுமா வேணாமா? மேல் நூலோட நுனி உருளைல சுத்தியிருக்கு. கீழ் நூலோட நுனி அடியில இருக்கற பாபின்ல சுத்தியிருக்கு. எந்த நுனி எதுக்குள்ள போச்சு?"

எனக்குப் புரிந்ததாக நான் அனுமதித்த வரி அது. என் வீட்டில் முப்பது வருஷமாக ஓடுகிற இயந்திரம். ஒரு நாள்கூட எனக்கு அந்தக் கேள்வி வரவில்லையே என்று உள்ளுக்குள் அரித்தது.

அவள் மாடியில் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். அதற்குள் நூல்கண்டைப் போட்டு, நூலை வெளியே இழுத்து விட்டாள். கொடிக் கயிற்றை வளையமாகத் தொங்கவிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு அந்த வளையத்தை விரித்து, டப்பாவின் முன்பக்கமாக மாட்டி, அடிவழியாக வளைத்து, பின்பக்கமாக வெளியே எடுத்துவிட்டாள். கயிறு டப்பாவை முழுசாக விழுங்கித் துப்பிவிட்டது. இப்போது டப்பாவின் நூல் என் கயிற்று வளையத்துக்குள் சிக்கியிருந்தது.

"நுனி எங்கயும் போகல அத்தான். வளையம் பாபினயே தாண்டிப் போயிடுது. ஊசி கீழ எறங்கி, திரும்ப ஒரு துளி மேல ஏறும்போது நூல் தளந்து லேசாப் பிதுங்கும். அந்தப் பிதுக்கத்த சுத்துற கொக்கி ஒண்ணு கவ்வி, விரிச்சு, இப்படிக் கொண்டு போயிடும்."

"அது சரி. பாபின எதாவது பிடிச்சுக்கிட்டிருக்குமே? அச்சாணி இருக்குமே? அதுல கயிறு மாட்டிக்காதா?" என்று கேட்டேன். நல்ல கேள்வி, அவளே ஒப்புக்கொண்டாள்.

"அங்கதான் விஷயமே. பாபினோட கூட்ட எதுலயும் கட்டி வைக்கல. ஒரு குழிக்குள்ள சும்மா உக்காந்திருக்கு. கூடவே சுத்திடாம ஒரு தடுப்பு, அதுவும் தொட்டும் தொடாமலும். சுத்திலும் நூல் நுழையற அளவு சந்து. கம்பெனி மெஷின்ல நிமிஷத்துக்கு மூவாயிரம் தடவ அந்தச் சந்து வழியா நூல் போயிட்டு வருது."

அன்று நான் எத்தனை தடவை மனைவியின் இயந்திரத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அதை வரைய அவள் செய்தது இது. இரண்டு மேசைகளை ஒரு முழம் இடைவெளி விட்டுப் போட்டு, நடுவில் இயந்திரத்தைத் தாங்கலாக வைத்தாள். அடியில் தரையில் மல்லாந்து படுத்தாள். நெஞ்சின் மேல் பலகை, பலகையில் காகிதம், பக்கத்தில் விளக்கு. என் மனைவி மேலே உட்கார்ந்து சக்கரத்தை விரலளவு விரலளவாகச் சுற்ற வேண்டும்.

"நிறுத்துக்கா! கொஞ்சம் பின்னால. ஐயோ, ரொம்பப் போயிட்ட."

"ஏண்டி, இடுப்பு போச்சுடி எனக்கு."

கீழேயிருந்து பார்த்தால் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். அதை மனசுக்குள்ளேயே திருப்பி, முன்னால் உட்கார்ந்து தைக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரைய வேண்டும். ஐந்து படங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. படத்துக்குள் ஒரு எழுத்துகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எழுத்து படத்தை மறைக்கும் என்பது அவள் கட்சி. விளக்கமெல்லாம் கீழே தனியாக. அந்தப் பக்கத்தில் பேராசிரியர் ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: படத்தில் உள்ளபடி நூல் கோத்து, உங்கள் இயந்திரத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அது ஃபிலிம் காலம். படங்களைப் பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் கொடுத்தால் ஃபிலிம் எடுத்துக் கொடுப்பார், மூலப்படம் அவரிடமே இருக்கும். அந்த ஃபிலிம்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, அதிலிருந்து பிளேட் என்கிற அச்சுத் தகடு போட்டு, பிளேட்டை இயந்திரத்தில் ஏற்றி அச்சடிப்போம். ஒட்டுகிறவருக்கு அன்று காய்ச்சல். மறுநாள் நான்கு மணிக்குப் பேராசிரியர் வருகிறார். நானே ஒட்டினேன். இந்தத் தொழிலில் ஒவ்வொரு வேலையையும் என் கையால் செய்து மேலே வந்தவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒட்டுவேன் என்று அச்சு இயந்திரம் ஓட்டும் இயந்திரக்காரரிடம் சொல்லிக்கொண்டே ஒட்டினேன்.

மறுநாள் காலை ஒரு பக்கம் மட்டும் அச்சாகித் தாள்கள் அடுக்கடுக்காக நின்றன. மறுபக்கம் பேராசிரியர் சரி சொன்ன பிறகுதான். செய்து பார்க்கச் சொல்கிற பக்கம் எதுவாக இருந்தாலும் அதை முதலில் செய்து பார்ப்பது என் மனைவி. அதுவும் எங்கள் வழக்கம். அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்த வீட்டுக்குப் போனாள். இரண்டு மணிக்கு ஒரு துண்டுத் துணியோடு இறங்கி வந்தாள்.

"என்னடி படம் போட்டிருக்க? இதுல இருக்கற மாதிரியே கோத்தேன். தையல் விட்டு விட்டு விழுது. அப்பறம் நூலே அறுந்துபோச்சு."

திருப்புளி துணியைப் பார்த்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள். கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தாள், திரும்பச் செருகினாள்.

"எந்தப் பக்கத்துலேருந்து கோத்த?"

"படத்துல இருக்கற மாதிரி வலப் பக்கத்துலேருந்து."

"நம்ம மெஷினுக்கு இடப் பக்கத்துலேருந்துல்ல கோக்கணும்." அவள் குரல் இறங்கிவிட்டது. "கொக்கியும் மாறிச் சுத்துது. எல்லாமே இடம் வலமா மாறிக் கெடக்கு. கீழ படுத்துப் பாத்தத நான் திருப்பாம அப்படியே போட்டுட்டேன்க்கா."

மேலே ஓடினாள். இயந்திரத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கீழே வந்தாள். தாளைப் பார்த்துவிட்டு மறுபடியும் மேலே போனாள். "திருப்பித்தானே வரஞ்சேன்? திருப்பினேனே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தாள் அடுக்குகளுக்கு நடுவே நடந்தாள். மூலப்படத்தைப் பார்க்கலாம் என்றால் ஃபிலிம்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

அந்தப் பக்கத்தை ஒட்டியது நான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஃபிலிம் ஒட்டுகிற விளக்கு மேசைக்குப் போய் அந்தப் பக்கத்தின் ஃபிலிமை எடுத்தேன். ஃபிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். மங்கல் பக்கம் பிளேட்டைத் தொட வேண்டும். எழுத்து இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், எழுத்தே இல்லாத படமென்றால் ஓரத்தில் சவரப் பிளேடால் லேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். மங்கல் பக்கமென்றால் கறுப்பு உதிரும். தொழிலுக்கு வந்த முதல் வாரம் கற்றுக்கொள்கிற பாடம். முந்தின நாள் நான் கீறிப் பார்க்கவில்லை. இப்போது பிளேட்டைத் தொட்ட பக்கத்தைக் கீறினேன். கறுப்பு உதிரவில்லை. பிளேடு வழுக்கிக்கொண்டு போயிற்று.

படத்தைத் திருப்பிப் போட்டது அவள் அல்ல. நான்.

மணி இரண்டரை.

அந்தக் கூரைக்குக் கீழே, முதலாளி தப்புச் செய்தார் என்ற பேச்சு அதுவரை எழுந்ததில்லை. எழவிட்டதில்லை. தண்ணீர் குடித்தேன். மேசையில் நேராக இருந்த காகிதங்களை இன்னும் நேராக்கினேன். இயந்திரக்காரரிடம் ஒன்றுமில்லாததற்குக் கத்தினேன். அவள் பேர் போனால் போகட்டும், அடுத்த புத்தகத்தில் போட்டுக்கொள்ளலாம், எத்தனையோ புத்தகம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாடிப்படியில் அவள் காலடி ஏறும், இறங்கும், ஏறும். ஒவ்வொரு தடவையும் எழுந்து சொல்லிவிடுவோம் என்று நாற்காலியின் கையைப் பிடிப்பேன். பிடித்தபடியே உட்கார்ந்திருப்பேன். ஆறு தடவை எண்ணினேன்.

நான்கு மணிக்குச் சொன்னபடி பேராசிரியர் வந்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இஸ்திரிப் பெட்டிக்குத் தலையாட்டினார். மோட்டாருக்கு "அடடே" என்றார். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியாகத் தையல் இயந்திரம். கண்ணுக்கு ஓர் அங்குலத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுதாம்மா இருக்கறதுலயே நல்லா வந்திருக்கு. கொக்கி நூலக் கவ்வற எடம் பிரமாதம்."

அவருக்குத் தெரியவில்லை! யாரும் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றால் பெயர் அவளுடையது. எனக்கு மூச்சு வந்தது. மறுபக்கம் அச்சடிப்பதற்குள் சத்தமில்லாமல் பிளேட்டை மாற்றி, இந்தப் பக்கத்தைப் புதிதாக அடித்துவிடலாம் என்றுகூட மனசு கணக்குப் போட்டது.

"அது தப்பு சார்" என்றாள் திருப்புளி. "இடம் வலம் மாறியிருக்கு. அதப் பாத்துக் கோத்தா தைக்காது. அக்கா தைச்சுப் பாத்துட்டாங்க. சொன்னபடி என் பேர எடுத்துடுங்க."

பேராசிரியர் தாளைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதியது. தாளை அவர் முன்னாலிருந்து பிடுங்கினேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய், வெள்ளைப் பக்கம் எங்களைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"இங்க வந்து பாருங்க சார். ஏ திருப்புளி, நீயும் வா. பின்னாலேருந்து பாரு. சரியா இருக்கா இல்லையா?"

அவள் வந்து நின்றாள். தாளின் முதுகு வழியாக ஊசி, நூல், கொக்கி எல்லாம் தெரிந்தன. அவள் விரல் காற்றில் கொக்கியின் சுற்றைப் பின்தொடர்ந்தது.

"சரியா இருக்கு. நான் சரியாத்தான் வரஞ்சிருக்கேன்" என்றாள்.

"ஃபிலிம மாத்தி ஒட்டிட்டேன். ஒட்டினது நான்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் காது இரண்டும் சுட்டன.

பேராசிரியர் என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப முதலாளி, தப்புப் பண்ணவங்க பேர எடுக்கணும்னா பதிப்பாளர் பேரத்தான் எடுக்கணும் போலருக்கே?"

இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து இயந்திரக்காரர் சிரிக்கிற சத்தம் வந்தது. "எடுத்துக்குங்க" என்றேன்.

பேராசிரியர் எடுக்கவில்லை. அவளிடம் திரும்பி, "ஏம்மா, உன் படத்தப் பாக்கற வரைக்கும் நுனி இல்லாம எப்படிப் பின்னுதுன்னு நான் யோசிச்சதே இல்ல. நான் எழுதின வரியப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு. கொஞ்சம் சொல்லு" என்று பேனாவைத் திறந்தார். மறுபடி தகர டப்பா வந்தது, கொடிக் கயிறு வந்தது. அவருடைய ஒரு வரி இரண்டு பக்கமாகிவிட்டது. அடுக்கியிருந்த தாள்கள் கழிவுக்குப் போயின. புது ஃபிலிம் ஒட்டும்போது நான் ஓரத்தைக் கீறினேன். இயந்திரக்காரர் பக்கத்தில் வந்து நின்று வேண்டுமென்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பேராசிரியர் போனதும் அவள் விளக்கு மேசைக்குப் போனாள். பிளேடு அங்கேயே கிடந்தது. பழைய ஃபிலிமின் ஓரத்தில் புதுக் கீறல். அவள் கண்ணுக்குத் தப்புமா?

"எப்ப தெரியும் அத்தான்?"

"ரெண்டரைக்கு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஐந்தாகியிருந்தது. மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வந்து பார்க்கிறேன், என் சுழல் நாற்காலி மேசை மேல் இருபத்தாறு துண்டாகக் கிடக்கிறது. வழக்கமாகப் பக்கத்தில் இருக்கிற வரிசைப் படம் இல்லை. ஒரு சீட்டு மட்டும் இருந்தது: "நீங்களே பூட்டிக்குங்க. கண்ணைக் கட்டிட்டாலும் செய்வீங்களே."

பூட்டினேன். அரை நாள் ஆயிற்று, ஆனால் பூட்டினேன். ஒரே ஒரு திருகாணிதான் மிச்சம்.

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் அவள் பெயர், பேராசிரியர் பெயருக்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில். எழுத்தளவை முடிவு செய்தவன் நான். அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கக்கூட இல்லை. நேரே தையல் இயந்திரப் பக்கத்துக்குப் போய், கொக்கி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தாள். பிறகு மாடிக்குப் போய் அக்காவின் இயந்திரத்தைச் சுற்றி ஒப்பிட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் அன்று சாப்பிட்டாள், நின்றுகொண்டே.

அதற்குப் பின் நாற்பத்தோரு புத்தகங்களுக்குப் படம் போட்டிருக்கிறாள். இப்போது கணினியில் எல்லாம் நடக்கிறது, ஃபிலிமும் இல்லை, கீறவும் வேண்டாம். ஆனாலும் முதல் தாள் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் அச்சகத்துக்குமாக நடப்பாள். அந்த நடையைக் கேட்டால் என்னாலும் உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் நாற்காலி ஒரு பக்கமாக ஆடும். அந்தத் திருகாணி என் இழுப்பறையில்தான் இருக்கிறது. அது எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான் கேட்கப் போவதில்லை. அவளும் இந்த நிமிஷம் வரை சொல்லவில்லை.